நிதானமும் இன்னொரு பார்ட்டியும்

என் அக்கா வீட்டுக்காரரை லாரி ஸ்டாண்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடம் ஒரே முதலாளியிடம் வண்டி ஓட்டியவர். ஒரு தடவைகூட யாருடைய பம்பரையும் உரசியதில்லை. மற்றவர்கள் ஆறு மணி நேரத்தில் போய்ச் சேருகிற இடத்துக்கு மாமா ஏழரை மணி நேரம் எடுத்துக்கொள்வார். சரக்கு அனுப்புகிறவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். கண்ணாடிச் சாமான் ஏற்ற வேண்டிய நாளில் அவர்களே அவரைத் தேடிக்கொண்டு வந்து நிற்பார்கள். டீ வாங்கினாலும் அப்படித்தான். ஆறி ஆடை படியும் வரை தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பார்க்கிற எனக்குப் பொறுமை போய்விடும்.

ஸ்டாண்டை ஒட்டி நான் டயர் கடை வைத்திருக்கிறேன். அதனால் மாமாவின் பகல்களில் பாதி என் கண் முன்னால்தான் போயிருக்கிறது. அவர் வீட்டில் ஒரு சட்டம் உண்டு, அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. கல்யாணமான புதிதில் அவரோடு ஓட்டிய ஒரு டிரைவருக்கு, வண்டி போய்க்கொண்டிருக்கும்போது வீட்டிலிருந்து போன் வந்தது. அப்பா தவறிவிட்டார் என்று. அடுத்த வளைவிலேயே வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டது. ஆள் பிழைத்தார், ஒரு கால் போய்விட்டது. அன்று மாமா அக்காவிடம் சொன்னார்: "நான் ஸ்டியரிங்ல இருக்கும்போது கெட்ட சேதி எதுவும் எனக்கு வரக் கூடாது. ரோட்டுல நடக்கிறதைச் சொல்லி நானும் உன் தூக்கத்தைக் கெடுக்க மாட்டேன்."

நல்ல சட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் டிரைவர் என்றால் ஒன்று ஓட்டிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் விடிந்ததும் ஓட்டப் போவார். கெட்ட சேதி சொல்ல நேரம் எங்கே இருக்கிறது? மகளுக்குக் கை முறிந்தது மாமாவுக்குத் தெரிந்தபோது மாவுக்கட்டைப் பிரித்தே ஒரு வாரம் ஆகியிருந்தது. கண்ணாடியில் கல் அடித்து மாமாவுக்கு நெற்றியில் ஆறு தையல் போட்டார்கள். அக்காவிடம் கதவில் இடித்துக்கொண்டேன் என்றார். அக்காவும் நம்பினமாதிரி இருந்துகொண்டாள். "உங்க வீட்டுல பேப்பர் நடத்தினா எல்லாப் பக்கமும் வெள்ளையாத்தான் வரும்" என்று நான் கிண்டல் செய்வேன். இரண்டு பேரும் சிரிப்பார்கள். பத்தொன்பது வருடமாக போனில் இரண்டு பக்கமும் ஒரே வசனம்தான்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

இந்த மனிதருக்கு நாற்பத்தாறு வயதில் சொந்த வண்டி வாங்கும் யோகம் வந்தது. ஒரு மருந்து கம்பெனி மூன்று வருடத்துக்கு நிலையான ஓட்டம் தருகிறேன் என்றது. ஒரே நிபந்தனை, ஒன்றாம் தேதி காலையில் குளிர்ப்பெட்டி வைத்த புது மாடல் வண்டி அவர்கள் வாசலில் நிற்க வேண்டும். வங்கி, கணவன் மனைவி இரண்டு பேர் பெயரிலும் சேர்த்துக் கடன் கொடுக்கச் சம்மதித்தது; யார் பெயரில் வண்டி வந்தாலும் செல்லும்படி இரண்டு பேரும் முன்னாலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். முதலாளியிடம் கணக்கை முடிக்கச் சொல்லி மாமா ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவிட்டார்.

அந்த மாடலுக்கு அப்போது அப்படி ஒரு அடிபிடி. தொழிற்சாலையிலிருந்து ஷோரூமுக்கு மாதம் இரண்டு வண்டி வந்தால் பெரிய விஷயம். அதனால் ஸ்டாண்டில் எல்லோரும் ஒரு வேலை செய்தார்கள். தன் பெயரில் ஒரு புக்கிங், வீட்டில் யார் பெயரிலாவது இன்னொன்று. எது முந்தி வருகிறதோ அதை எடுத்துக்கொண்டு மற்றதை ரத்து செய்துவிடலாம். மாமாவும் தன் பெயரில் ஒன்றும், அக்காவின் பெயரில் அவள் போன் நம்பரைக் கொடுத்து ஒன்றும் போட்டார். வரிசை இவ்வளவு நீளமாக இருக்கிறதே என்று ஸ்டாண்டே உட்கார்ந்து புலம்பியது. வரிசையில் பாதி அவர்களேதான்.

கடைசி வாரம் திங்கட்கிழமை மதியம். மாமா லோடுக்காக என் கடையில் காத்திருந்தார். ஷோரூம் சேல்ஸ்காரர் போன் செய்தார். கை அழுக்காக இருந்ததால் மாமா ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், வாழ்த்துகள்! வண்டி வந்திருச்சு. வெள்ளைக் கலர்."

மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வாய் திறந்தபடி என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டேன்.

"ஒரே ஒரு விஷயம் சார். இந்த மாடலுக்கு இப்ப டிமாண்ட் ஜாஸ்தி. கம்பெனி விலைக்கு மேல ஒரு லட்சம் வரும்."

"எதுக்குங்க?"

"எதுக்குன்னு இல்ல சார். மார்க்கெட் அப்படி இருக்கு."

"பில்லுல வருமா?"

"சீட் கவர், மிதியடி, பாலிஷ்னு போட்டுக் குடுத்துருவோம் சார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு லட்சத்துக்கு மிதியடி! எந்த அரண்மனையில் உருவிக்கொண்டு வந்தார்களோ. நான் போனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்பதற்குள் மாமா, "யோசிச்சு நாளைக்குச் சொல்றேங்க" என்று வைத்துவிட்டார். அதுதான் நிதானம்.

மறுநாள் அதே நேரத்துக்கு அவரே போன் செய்து சரி என்றார்.

"அடடா, நேத்தே சொல்லியிருக்கலாமே சார். இன்னொரு பார்ட்டி ஒன்றரை தரேன்னு சொல்லிட்டாங்க."

"வரிசையில நான்தானே முன்னாடி?"

"வரிசை வரிசைதான் சார். முடிவு மேனேஜர் கையில."

இங்கே என் பங்கைச் சொல்லிவிடுகிறேன், மறைக்க எனக்கு எந்தச் சட்டமும் இல்லை. "எவனோ ஒருத்தன் பூந்து தட்டிட்டுப் போறதா? ரெண்டுன்னு சொல்லுங்க மாமா" என்று கத்தியது நான்தான். மாமா இரண்டு என்றார். புதன்கிழமை போன் வந்தது, இன்னொரு பார்ட்டி இரண்டரையாம். "மூணு!" என்றேன். மாமா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூன்று என்றார். முதலாளி கணக்கு முடித்துக் கொடுக்கும் பணம் சரியாக மூன்று லட்சம், இருபத்திரண்டு வருட வேலைக்கு. அதற்கு மேல் அவரிடம் எதுவும் கிடையாது.

வியாழக்கிழமை மதியம் சேல்ஸ்காரர், "இன்னொரு பார்ட்டி மூன்றரை சார், நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். காய்கறி விலை கேட்பது போல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார்.

"அவங்களுக்கே குடுத்துருங்க" என்றார் மாமா.

பிறகு மாமா தன் வாழ்நாளில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். அவசரப்பட்டார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, மருந்து கம்பெனிக்குப் போன் போட்டு, "ஒன்னாம் தேதிக்கு வண்டி கைக்கு வராதுங்க, உங்களைக் காக்க வைக்க விரும்பல" என்று சொல்லிவிட்டார். அவர்களும் மரியாதையாகத்தான் பேசினார்கள். அடுத்த ஆள் தயாராக இருக்கிறார், அவருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். சனிக்கிழமை போய் புக்கிங் பணத்தைத் திரும்ப வாங்கலாம், கூட வா என்றார். அக்காவிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "நாளைக்கு எனக்கு லோடு, அவளுக்குக் காலையில ஷிப்ட். மெதுவா சொல்லிக்கலாம் மாப்ளே" என்றார். அக்கா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பிரிவில் வேலை பார்க்கிறாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஷோரூம் போனோம். நான் சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். வழியெல்லாம் வசனம் தயார் செய்துகொண்டே போனேன். கண்ணாடிக் கதவைத் தள்ளினால் குளுகுளுவென்று காற்று. தரை பளபளத்த விதத்தைப் பார்த்து மாமா செருப்பைக் கழற்றலாமா என்று ஒரு நொடி தயங்கினார். நடுவில் சிவப்பு ரிப்பன் கட்டிய வெள்ளை வண்டி நின்றது. அதன் முன்னால் ஒருவர் செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் சிரிங்க மேடம், சாவியைத் தூக்கிப் பிடிங்க."

கை நீளத்துக்கு ஒரு அட்டைச் சாவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவள் என் அக்கா. ஆஸ்பத்திரி நீலச் சட்டையோடேயே வந்திருந்தாள்.

நான் தயார் செய்த வசனத்தில் ஒரு எழுத்து நினைவில் இல்லை. மாமா பேயறைந்தவர் போல நின்றார். அக்கா எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகக் குழம்பியது.

"நீங்க எப்படி இங்க? யாரு சொன்னா? சாயந்திரம் வீட்டு வாசல்ல நிறுத்தி உங்களைக் கூப்பிடலாம்னு இருந்தேனே!"

மாமா கேட்டார், "உனக்கு எப்ப போன் வந்துச்சு?"

"திங்கக்கிழமை சாயந்திரம். என் புக்கிங் வந்திருச்சுன்னாங்க. யாரோ ஒரு பார்ட்டி ஒரு லட்சம்னு கேட்டு யோசிச்சுக்கிட்டிருக்கானாம், நான் ஒன்றரை குடுத்தா எனக்குத்தானாம். நீங்க ரோட்டுல இருந்தீங்க, உங்களை எதுக்குக் குழப்பணும்னு நானே சரின்னுட்டேன். அப்புறம் அந்த ஆளு விடவே இல்லீங்க. ரெண்டுங்கிறான், மூணுங்கிறான். பணத்திமிரு புடிச்சவன், எங்க இருந்துதான் வந்தானோ."

சொல்லிக்கொண்டே வந்தவள் மாமாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அட்டைச் சாவி மெல்லக் கீழே இறங்கியது.

"நான்தான்" என்றார் மாமா.

ஒரே வீடு, ஒரே அடுப்பு. நாலு நாளாக ஒரே பாயில் படுத்து எழுந்த இரண்டு பேர் ஒருவர் மேல் ஒருவர் ஏலம் கேட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் ஏற்றிவிட்டவன் நான். சேல்ஸ்காரர் எதிர் மேசையில்தான் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் டை, கையில் இரண்டு புக்கிங் தாளும். நான் அவற்றைப் பிடுங்கிப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே கதவு எண், ஒரே தெரு.

"யோவ், இதைப் பார்க்கவே இல்லையா நீ?"

அவர் எழுந்து நின்றார். பயந்திருந்தார், ஆனால் பொய் சொல்லவில்லை. "பாத்தேன் சார். ரெண்டு பேரும் பிரிஞ்சிருக்கீங்கன்னு நினைச்சேன். போட்டிக்கு நின்னு வாங்குறீங்கன்னு… ஒரே வீட்டுல இருக்கிறவங்க இதைக்கூடப் பேசிக்காம இருப்பாங்கன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?"

அவரை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். மாமா பிடித்துக்கொண்டார். மேனேஜர் வந்தார், தண்ணீர் கொடுத்தார், நாங்கள் யாரையும் விலையைக் கூட்டச் சொல்லவில்லையே, நீங்களாகத்தானே கூட்டினீர்கள் என்றார். வண்டி அக்கா பெயரில் பதிவாகிவிட்டது, மேல் காசு வெள்ளிக்கிழமையே கட்டியாகிவிட்டது, இனி எதுவும் செய்வதற்கில்லையாம். மிதியடியைக் காட்டினார். கறுப்பு ரப்பர், என் கடையில் நாலு டயர் மாற்றினால் இலவசமாகக் கொடுப்பேன்.

வண்டியை மாமாதான் வெளியே எடுத்தார். அக்கா ஜன்னல் ஓரம், நான் நடுவில். மகள் படிப்புக்கென்று அக்கா ஷிப்டு ஷிப்டாகச் சேர்த்ததுதான் அந்த மூன்றரை. அதை மாமா கேட்கவுமில்லை, அவளாகச் சொன்னாள். மாமாவிடம் இருக்கும் மூன்றை அதற்குப் போட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். அக்கா தலையாட்டினாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு மனசு தேறிவிட்டது, அவள் எப்போதும் அப்படித்தான். டேஷ்போர்டைத் தடவிப் பார்த்தாள்.

"போனது போகட்டும், விடுங்க. மூணு வருஷ ஓட்டத்துல எடுத்திடலாம். ஒன்னாம் தேதி முதல் லோடுக்கு நானும் கூட வரவா? மருந்து கம்பெனியில ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல?"

நான் மாமாவைப் பார்க்கவில்லை. எதிரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியின் வேகம் குறைந்தது, இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்தது, மாமா வண்டியை ஓரம் கட்டி என்ஜினை அணைத்தார்.

"அந்த ஓட்டம் இல்லை" என்றார். "வண்டி கிடைக்காதுன்னு நானே போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டேன். வேற ஆளுக்குப் போயிருச்சு."

"எப்ப?"

"வியாழக்கிழமை. மதியம்."

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. விரலை மடக்கி நாட்களை எண்ணினாள்.

"நான் பணம் கட்டினது வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு" என்றாள். "வியாழக்கிழமை ராத்திரி என் பக்கத்துல உக்காந்துதானே சாப்பிட்டீங்க? நான் கேட்டேனே, எல்லாம் எப்படி இருக்குன்னு."

மாமா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போயின.