இருட்டில் சாய்ந்த உமரி நாற்றுகள்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். பெரிய முதலியார்சாவடியில் எங்கள் தெருக்கோடிப் புளியமரத்தைப் பார்த்து ஊரே பயந்தபோது, அதனடியில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தவள் நான். அதனால் இதைக் கேட்டு நீங்கள் உதட்டைப் பிதுக்கினால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் நானும் அதைத்தான் செய்வேன். இது ராத்திரிக் கதையும் இல்லை. பட்டப்பகலில், மரக்காணம் உப்பளத்தில், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் நடந்தது.

2005இல் நான் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். செடியின் செல்லுக்குள் இருக்கும் சில ஜீன்களுக்கு வெளிச்சம்தான் சுவிட்ச். வெளிச்சம் பட்டால் வேலை செய்யும், இருட்டில் தூங்கும். உப்பள வரப்பில் முளைக்கும் உமரிச் செடியில் அது எப்படி நடக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. அதற்குப் பொட்டு வெளிச்சம்கூடப் படாமல் வளர்ந்த நாற்று வேண்டும் என்பதால், உப்பளத்து ஓரம் ஒரு பழைய சாமான் அறையைப் பிடித்து உள்ளே முழுக்கக் கறுப்புத் துணி அடித்துவிட்டேன். கும்மிருட்டில் வளரும் நாற்று மஞ்சளாக, நேராக நிற்கும். வெளிச்சம் கசிந்தால் அந்தப் பக்கம் சாய்ந்து பச்சை கட்டிவிடும், பட்ட பாடெல்லாம் வீண்.

என் நாற்றுகள் சாய்ந்தன. அதுவும் எப்படி, பச்சை கட்டாமல் மஞ்சளாகவே இருந்துகொண்டு சாய்ந்தன! ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. எங்கோ ஓட்டை இருக்கிறது என்று சுவர் முழுக்கத் தடவித் தடவி என் நகம் தேய்ந்ததுதான் மிச்சம். கைடு சார் நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை வர்றேன். அன்னிக்கும் சாஞ்சிருந்தா இந்த டாபிக்கை மூட்டை கட்டிடலாம்மா" என்றார். இரண்டு வருஷ உழைப்பு. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அறைக்குள் என்னைத் தவிர வருவது அஞ்சலையக்கா மட்டும்தான். விடியுமுன் உப்பு வாரப் போய்விட்டு, பதினோரு மணிக்கு நாற்றுக்குத் தண்ணீர் தெளிக்க வருவார். இருட்டில் விரலால் தடவியே எந்தத் தட்டு காய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார், அப்படி ஒரு கை. வேலை முடிந்ததும் மூலையில் சாக்கை விரித்து அரை மணி நேரம் கண் அயர்வார். நாற்றுகள் சாய்ந்ததெல்லாம் அந்த மூலையைப் பார்த்துத்தான்.

புத்தி எங்கே போகும்? அவருடைய சாப்பாட்டுப் பையைப் பிடுங்கிக் கொட்டினேன். ஒரு டார்ச் விழுந்தது.

"இன்னா மேடம் இது? வரப்புல பாம்பு கெடக்குதுன்னு வச்சினு இருக்கேன். உள்ள வந்து ஒரு நாளாவது கொளுத்துனனா? நீயே வச்சிக்க உன் நாத்த!" என்று போனவர் மூன்று நாள் வரவில்லை.

அந்த மூன்று நாளும் புதுத் தட்டு நாற்றுகள் கம்பி மாதிரி நேராக நின்றன. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நான் துள்ளினேன். ஆனால் இருட்டில் எனக்குத் தண்ணீர் தெளிக்க வரவில்லை, ஒரு தட்டை அப்படியே குளமாக்கினேன். வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள்தான் பாக்கி. வெட்கத்தை விட்டு அக்கா வீட்டுக்குப் போய்க் காலில் விழாத குறையாகக் கூட்டிவந்தேன்.

சந்தேகம் மட்டும் போகவில்லை. டார்ச்சை வெளியே வைக்கச் சொல்லி, அக்காவை வேறு மூலையில் உட்காரவைத்து, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நானும் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். "கல்யாணத்துல கூட எங்க வூட்டுக்காரரு இப்புடிப் புடிச்சதில்ல" என்று அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இரண்டு மணி நேரம் போயிருக்கும். என்னிடம் ஒரு மங்கலான பச்சை விளக்கு உண்டு, செடி அதைக் கண்டுகொள்ளாது, நமக்கு மட்டும் லேசாகக் கண் தெரியும். அதைப் போட்டேன்.

நம்பினால் நம்புங்கள். நாலு தட்டு நாற்றும் புது மூலைக்குத் திரும்பியிருந்தன. அத்தனை தலையும் அக்காவின் மடியைப் பார்த்துக் குனிந்திருந்தன. அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு முந்தானையை இழுத்து மடியை மூடிக்கொண்டார்.

மறுநாள் கைடு சார் தட்டைப் பார்த்து முகம் சுளித்தார், ஆனாலும் சோதிக்க நாற்றுகளைக் கொண்டுபோனார். பத்து நாள் கழித்துப் போன். "ஜீன் சுத்தமா ஆஃப்ல இருக்குதும்மா. வெளிச்சமே படல. பின்ன எப்படிம்மா சாஞ்சுது?" எனக்கு எப்படித் தெரியும் சார் என்றேன். டாபிக் பிழைத்தது. அன்றைக்கு நான் ஆடிய ஆட்டத்தை உப்பளமே வேடிக்கை பார்த்தது.

அடுத்த மாதம் அக்கா வெட்கப்பட்டுக்கொண்டே வந்து நின்றார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்துக்குப் பிறகு, முழுகாமல் இருக்கிறார்! கட்டிப்பிடித்து இரண்டு பேரும் அழுதோம். உடனே எனக்கு எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி இருந்தது. நோட்டை எடுத்து, "இதோ பாருக்கா, உனக்கே தெரியறதுக்கு முன்னாடி செடிக்குத் தெரிஞ்சிருக்குது!" என்று முதல் தடவை சாய்ந்த தேதியைப் படித்துக் காட்டினேன்.

அக்கா விரல் விட்டு எண்ணினார். "தப்பா எழுதிக்கீற மேடம். அன்னிக்கு எங்க வூட்டுக்காரரு கேரளாவுல இல்ல இருந்தாரு! ரெண்டு மாசமா ஊர்லயே இல்ல. பதினோரு நாள் கழிச்சுத்தான் வந்தாரு."

தேதி தப்பில்லை. பக்கத்தில் கைடு சாரின் கையெழுத்து இருக்கிறது. நர்ஸ் போட்ட மாசக் கணக்கும் அக்கா வீட்டுக்காரர் ஊர் திரும்பிய பிறகுதான் தொடங்குகிறது.

"வர்றதுக்கு முன்னாடி, அம்மா யாருன்னு புள்ள பாத்துட்டுப் போயிருக்கும்" என்றார் அக்கா, வயிற்றைத் தடவியபடி, ரொம்ப சாதாரணமாக. தீசிஸ் எழுதியபோது நோட்டில் அந்தத் தேதி இருந்த ஒரு பக்கத்தை மட்டும் நான் சேர்க்கவில்லை.