சத்தம் போடாத பிரேக்

தனியாகச் சைக்கிளில் ஊர் சுற்றும் பெண்ணிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். அன்று ஏற்காட்டில், ஒண்டிக்கடைச் சந்திப்பில் இருந்த டீக்கடைக்காரரும் கேட்டார்.

"ஏனுங்க, தனியாவா வந்தீங்க? ஊட்டுல ஒண்ணும் சொல்லலீங்களா?"

"சொன்னாங்க. கேட்டுக்கிட்டுத்தான் கிளம்பினேன்" என்றேன். இந்தக் கேள்வி வந்தாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர் அதைக் கண்டுகொள்ளாமல் சிரித்துக்கொண்டே டீ ஆற்றினார்.

விடியற்காலையில் சேலத்தில் கிளம்பி, கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் மிதித்தே ஏறியிருந்தேன். பாதி மலையில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்ததிலிருந்து சைக்கிளின் டிஸ்க் பிரேக், பிடிக்கும்போதெல்லாம் கீச்சென்று கத்தியது. கடை வாசலில் நிறுத்தியபோது அது கத்திய கத்தலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். லாரிக்காரர்கள் கண்ணில் படட்டும் என்று நான் போட்டிருந்த பளீர் மஞ்சள் சட்டை வேறு. வேடிக்கைக்குக் கேட்கவா வேண்டும்.

ஈரமானால் அந்த பிரேக் அப்படித்தான். காய்ந்தால் அடங்கிவிடும். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டுக் கடைக்குப் பின்னால் போய் முகம் கழுவி, தலை துவட்டிக்கொண்டு வந்தேன்.

"இனிமே சத்தமே வராதுங்க. தைரியமாப் போங்க" என்றார் கடைக்காரர். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று தலையாட்டிவிட்டுக் கிளம்பினேன்.

குப்பனூர் ரோட்டில் இறங்கி, இருட்டுவதற்குள் அரூர் போய்விட வேண்டும். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் மேடும் பள்ளமுமாக இருந்ததால் பிரேக்குக்குப் பெரிதாக வேலையில்லை. லேசாகப் பிடித்துப் பார்த்தேன். சத்தம் இல்லை. காய்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

இறக்கம் தொடங்கியது. முதல் வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். வண்டியின் வேகம் குறையவில்லை. விரல் வலிக்க அழுத்தினேன். அப்போதும் குறையவில்லை. பின்னால் கட்டியிருந்த பைகளின் கனமும் சேர்ந்து தள்ள, ரோட்டின் மறு ஓரம் வரைக்கும் போய்த்தான் வளைய முடிந்தது. அந்த ஓரத்துக்கு அப்பால் மரங்களின் உச்சிதான் தெரிந்தது.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. முறுக்குச் சுடும் வீட்டைத் தாண்டிப் போவதுபோல, காய்கிற தேங்காயெண்ணெய் வாசனை. என் சைக்கிளிலிருந்துதான் வந்தது.

டீக்கடை மனிதர் பிரேக்கில் எண்ணெய் விட்டிருக்கிறார். கதவு கத்தினால் விடுவோமே, அப்படி. அவருக்குத் தெரிந்த சைக்கிளில் ரப்பர் கட்டைதான் பிரேக். இதில் பிரேக் கவ்வுகிற தகட்டில் சொட்டு எண்ணெய் பட்டாலே பிடிக்காது என்று அவருக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? பாவி, ஒரு சக்கரத்தோடு நிறுத்தியிருக்கக் கூடாதா?

செருப்புக் காலைப் பின் டயரில் வைத்து அழுத்தினேன். கொஞ்சம் குறைந்தது. அதற்குள் கீழ் வளைவில் பஸ் ஹாரன். மேலே ஏறி வருகிறது. இந்த ரோட்டில் பஸ் வளைந்தால் சைக்கிளுக்கு இடம் மிஞ்சாது. சாகப்போகிறேன் என்று தெளிவாக நினைத்தேன். மகளிடம் காலையில் போனில் எரிந்து விழுந்தது ஞாபகம் வந்தது.

வளைவுக்குச் சற்று முன்னால், மலைப் பக்கத்தில், தடுப்புச்சுவர் கட்டுவதற்காக மணல் கொட்டியிருந்தார்கள். ஹேண்டிலை அதன் மேல் திருப்பினேன். முன் சக்கரம் புதைந்து, நான் பறந்து போய் மணலிலேயே விழுந்தேன். பஸ் என்னைத் தாண்டி ஏறிப் போனது. யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது. எலும்பு ஒன்றும் உடையவில்லை. போனில் சிக்னல் இல்லை. மணலைத் தட்டிவிட்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் கோபம் வந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்ப மேலே ஏறிப் போய், அத்தனை பேர் முன்னாலும் அந்த மனிதரை நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும். என்னென்ன கேட்பது என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மேல் வளைவில் ஒரு மொபெட் வந்து நின்றது. அவரேதான். டீக்கடைத் துண்டு இன்னும் தோளில் கிடந்தது. நான் கீழே மணல் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததை அவர் பார்க்கவில்லை. வண்டியைப் போட்டுவிட்டு ரோட்டு ஓரத்துக்கு ஓடி, செடிகளை விலக்கிப் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். கொஞ்சம் நகர்ந்து மறுபடி எட்டிப் பார்த்தார். என்ன தேடுகிறார் என்று எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் எழுந்து குரல் கொடுத்தேன்.

"அண்ணா, இங்க இருக்கேன்."

திரும்பினார். பார்த்த இடத்திலேயே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் நொண்டிக்கொண்டே ஏறிப் போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கினார். திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டார்.

"டீ குடிக்க வந்த மெக்கானிக் ஒருத்தன் சொன்னானுங்க, அதுல எண்ணெ உடக்கூடாதுன்னு" என்றார். "கடையை அப்படியே போட்டுட்டு வந்தனுங்க. ஒவ்வொரு வளைவுலயும் நின்னு பாத்துட்டே வந்தனுங்க, கீழ மஞ்சச் சட்டை தெரியுதான்னு."