உருகாத வெண்ணெய்

எங்கள் வீட்டில் வெண்ணெய் குளிர்பெட்டிக்குள் இருப்பதில்லை. அடுப்புக்குப் பக்கத்தில், உப்பு ஜாடிக்கும் மிளகாய்த்தூள் டப்பாவுக்கும் நடுவே, ஒரு மஞ்சள் டின்னில் இருக்கிறது. மலேசியாவில், இந்தக் கிள்ளானில் மத்தியானம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்: கொடியில் போட்ட சட்டை காய்வதற்குள் உடம்பில் இருக்கும் சட்டை நனைந்துவிடும். அந்த வெக்கையிலும் டின்னுக்குள் இருப்பது உருகாது, புளிக்காது, கெட்டும் போகாது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் காலையில் இதைப் பார்த்துப் பதறிப்போய் மாமியாரிடம் சொன்னேன்.

"அத்தை, வெண்ணெயை வெளியே வெச்சிருக்கீங்களே, உருகிப் போயிருமுங்க."

"இது உருகாதுலா மாப்பிள்ள. நீங்க பயப்படாம ரொட்டில தடவுங்க."

தடவினேன். ஒரு கடி கடித்ததும் தெரிந்துவிட்டது. செம்பனை எண்ணெயைக் கெட்டியாக்கி, மஞ்சள் நிறமும் உப்பும் சேர்த்த மார்ஜரின். டின்னிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் இந்த வீட்டில் அதற்குப் பெயர் பட்டர். பக்கத்து வீட்டிலும் அதுதான் பெயர். புது மாப்பிள்ளை, வந்த மறுநாளே வெண்ணெயைப் பற்றி வகுப்பெடுத்தால் நன்றாகவா இருக்கும்? அதுவும் ஊத்துக்குளிக்காரன்.

ஊத்துக்குளி என்றால் வெண்ணெய் என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் அப்பாவுக்கு அங்கே வெண்ணெய்க் கடை. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வரும் வெண்ணெயில் கம்பியைக் குத்தி எடுத்து, முகர்ந்து, நுனி நாக்கில் வைத்துப் பார்த்து, எது நெய்க்கு ஆகும், எது ஆகாது என்று சொல்வது என் வேலை. எருமையா, பசுவா, இரண்டும் கலந்ததா, வெண்ணெய் எத்தனை நாள் பழசு, எல்லாம் நாக்கு சொல்லிவிடும். அண்ணனுக்கு அது கடைசி வரை கைவரவில்லை. நீங்கள் நினைப்பதுபோல் நான் அந்த வேலையை விரும்பியெல்லாம் செய்யவில்லை. புளித்த மோர் வாடை சட்டையை விட்டுப் போகாது. கோயம்புத்தூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஜன்னலைத் திறந்துவிட்டுக்கொள்வார்கள். வீட்டில் வெண்ணெய் தின்றோமா என்றால் அதுவும் இல்லை. அது விற்கிற சரக்கு. எங்கள் சோற்றுக்குக் கடலை எண்ணெய்தான். கிள்ளானிலிருந்து கோயம்புத்தூருக்குத் தாதிப் படிப்புக்கு வந்திருந்த மலர், அந்த வாடையோடு சேர்த்து என்னைக் கட்டிக்கொள்ள ஒப்புக்கொண்டபோது, தப்பித்தோம் என்று ஓடி வந்தவன் நான்.

ஓடி வந்து எங்கே நின்றேன் என்று பாருங்கள். மலருக்கு அரசாங்க மருத்துவமனையில் வேலை. எனக்கு அவள் கணவன் என்ற முறையில் இந்த நாட்டில் தங்க ஒரு பாஸ். அதில் வேலை செய்யக் கூடாது என்று ஒரு வரி. அந்த வரியை மாற்ற இரண்டு முறை முயன்று களைத்துவிட்டோம். பாஸைப் புதுப்பிக்கப் போனாலும் அதிகாரி என்னிடம் பேச மாட்டார். நான் என்ன செய்கிறேன், எப்போது போவேன், எல்லாவற்றையும் அவளிடம்தான் கேட்பார். நான் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வீடு அவள் பெயரில், கார் அவள் பெயரில், கரண்ட் பில் அவள் பெயரில், என் கைப்பேசி எண்கூட அவள் பெயரில். ஊரில் இதற்கு வீட்டோட மாப்பிள்ளை என்று பெயர். சொல்லும்போதே சிரித்துவிட்டுத்தான் சொல்வார்கள். இங்கே யாரும் சிரிப்பதில்லை. காலையில் மலர் கிளம்பும்போது, "க்ரில்ல பூட்டிக்குங்க, திருட்டு பயம்லா," என்பாள். வாசலுக்கு, ஜன்னலுக்கு, பின்கட்டுக்கு, எல்லாவற்றுக்கும் இரும்புக் கம்பி. உள்ளிருந்து நானே பூட்டி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, சமைக்கப் போவேன்.

ஆமாம், சமையல் என் வேலை. அந்த மஞ்சள் டின் இல்லாமல் இந்த வீட்டில் சமைக்க முடியாது என்று சீக்கிரமே புரிந்தது. ரொட்டியில் தடவி மேலே சர்க்கரை தூவ அது வேண்டும். முட்டை பொரிக்க அது வேண்டும். முறுக்கு மாவில் சூடாக ஊற்ற அது வேண்டும். என் மகள் யாழினிக்குக் காய்ச்சல் வந்தால் சுடுசோற்றில் ஒரு கரண்டி பட்டர், மேலே கொஞ்சம் கிச்சாப் என்கிற சோயா சாஸ், ஒரு பொரித்த முட்டை. வேறு எதையும் தொட மாட்டாள். நான் பருப்பும் நெய்யும் பிசைந்து ஊட்டிப் பார்த்திருக்கிறேன். மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஒருநாள் மாமியாரிடம் கொஞ்சம் கடுப்பாகவே கேட்டேன், "உங்க காலத்திலயும் இதேதானுங்களா?" என்று.

"தோட்டத்துல நாங்க மாடு வச்சிருந்தோம் மாப்பிள்ள. பாலெல்லாம் கிராணி வீட்டுக்குப் போயிடும். தீபாவளிக்கு அப்பா ஒரு டின் வாங்கிட்டு வருவாரு. அதான் எங்களுக்கு பட்டர். அத உருக்கித்தான் நெய் உருண்டை."

அவர்கள் வீட்டுப் பால் எஸ்டேட் குமாஸ்தாவான கிராணிக்குப் போனது, எங்கள் வீட்டு வெண்ணெய் வியாபாரத்துக்குப் போனது. என் கடுப்பு பாதி குறைந்தது. மீதிப் பாதி இருந்துகொண்டுதான் இருந்தது.

போன புரட்டாசியில் அண்ணன் கூப்பிட்டார்.

"டேய் தம்பி, அப்பனுக்கு இப்ப மூக்கும் எடுக்கறதில்ல, நாக்கும் எடுக்கறதில்ல. வெண்ணெய் பார்க்க ஆள் வேணும். என்ற வாய்க்கு அது புடிபடாதுன்னு உனக்கே தெரியும். தீபாவளிக்குள்ள ஒரு வார்த்த சொல்லிப் போடு. இல்லீன்னா என்ற மச்சினன அந்தச் சீட்டுல உக்கார வெச்சுருவேன்."

அந்தச் சீட்டைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் இத்தனை வருஷம் இந்தக் கம்பிகளுக்குள் பைத்தியம் பிடிக்காமல் இருந்தது அதை நினைத்துத்தான். எப்போது வேண்டுமானாலும் போய்விடலாம், எனக்கென்று ஓர் இடம் இருக்கிறது, அங்கே என் நாக்கு இல்லாமல் கடை நடக்காது என்பதுதான் என் ஒரே தைரியம். மலரிடம் சொன்னேன். யூனிபார்மை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"போறதுன்னா போங்க. நான் தடுக்கல. ஆனா யாழினி இங்கதான் இருப்பா."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். மழை வரும்போல இருக்கிறது என்பதுபோல் சொன்னாள்.

எனக்குள் ஒரு வெறி வந்தது. போகிறேனோ இல்லையோ, என் கை இன்னும் என் கைதான் என்று எனக்கே காட்ட வேண்டும். மாமியார் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஆர்டர் எடுத்துப் பலகாரம் செய்வார். கிள்ளானை அடுத்த மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்திலிருந்தே அவருக்கு அது பழக்கம். மாவு வறுப்பது, சலிப்பது, உருண்டை பிடிப்பது எல்லாம் இப்போது நான். பெரிய ஆர்டர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் ஆன்டியுடையது. யாழ்ப்பாணத்து வம்சம், அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், வருஷம் தவறாமல் எங்கள் வீட்டு நெய் உருண்டைதான். அந்த ஆர்டரை மட்டும் நான் காய்ச்சிய நெய்யில் பிடிக்கட்டுமா என்று மாமியாரிடம் கேட்டேன்.

"உங்க இஷ்டம்லா. ஆனா ஆன்டி வாய் ரொம்ப ஸ்ட்ரிக்ட்," என்றார்.

கடைக்குப் போனேன். வரிசை வரிசையாக மஞ்சள் டின்கள். உப்பில்லாத நிஜ வெண்ணெய் எங்கே என்று தெரியாமல், அடுக்கிக்கொண்டிருந்த மலாய்ப் பெண்ணிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் கேட்டேன். "மெந்தேகா, தாக் மாசின்?"

"புவாட் கேக், பாங்?" என்றாள். கேக் செய்யவா, அண்ணா என்கிறாள்.

இல்லை, நெய் காய்ச்ச என்பதற்காக, "மினியாக் சாப்பி," என்றேன். அவள் முகம் மலர்ந்தது. கையிலிருந்ததை வைத்துவிட்டு என்னை இரண்டு வரிசை தள்ளிக் கூட்டிப்போய், அடுக்கி வைத்திருந்த நெய் டின்களைக் காட்டி, "சுடா சியாப்," என்றாள். தயாராகவே இருக்கிறதே, எதற்குக் கஷ்டப்படுகிறாய் என்று அர்த்தம். எனக்கு விளக்கத் தெரியவில்லை. அவள் அந்தப் பக்கம் போகும்வரை ஒரு டின்னைக் கையில் வைத்துப் படிப்பதுபோல் நின்றேன். பிறகு திருடன் மாதிரி வெண்ணெய்க் கட்டிகளைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. வாணலியை எடுத்ததும் மாமியார் தடுத்தார். "வெள்ளிக்கிழமை வெண்ணெய் காய்ச்சக் கூடாது மாப்பிள்ள, லட்சுமி போயிடும்." வெண்ணெயே நுழையாத வீட்டில் இந்தச் சட்டம் மட்டும் எப்படிக் கப்பலேறி வந்து பத்திரமாக இருக்கிறது என்று எனக்கு ஆச்சரியம். அப்படியானால் டின்னை மட்டும் வெள்ளிக்கிழமை உருக்கலாமா என்று கேட்டேன். "அது டின்னுலா. அதுக்குக் கணக்கு இல்ல."

சனிக்கிழமை காய்ச்சினேன். கட்டிகள் சரிந்தன, நுரை கட்டியது, சடசடவென்று பேச ஆரம்பித்தது. நெய்யைக் கண்ணால் பார்க்கக் கூடாது, காதால் கேட்க வேண்டும். அந்தச் சத்தம் அடங்கும் இடம்தான் பதம். அடங்கியது. பின்சந்தில் பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருக்கும் முருங்கையில் ஒடித்து வந்த கீரையை உள்ளே போட்டு இறக்கினேன். வாசம் வீடு நிறைந்து, க்ரில் கம்பி வழியாகத் தெருவுக்குப் போனது. சத்தியமாகச் சொல்கிறேன், எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றுதான் நிமிர்ந்து நின்றேன். கொதிக்கிற நெய்யை வறுத்த பாசிப்பயற்று மாவில் ஊற்றி, உள்ளங்கை பொசுங்கப் பொசுங்க உருண்டை பிடித்தேன்.

இரண்டு நாள் கழித்து ஆன்டி கூப்பிட்டார். மாமியார் கை மாவாக இருந்ததால் கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டார்.

"உருண்டை கிடைச்சிச்சு. ஆனா என்ன ஆச்சும்மா, டேஸ்ட் மாறிடுச்சே? உங்களுக்கு உடம்பு சரியில்லையா? வேற யாரோ செஞ்ச மாதிரி இருக்கு. வாசம் வேற ரொம்ப ஸ்ட்ராங்லா."

மாமியார் என்னைப் பார்க்காமல் சொன்னார். "இல்ல ஆன்டி, நெய் கொஞ்சம் காந்திடுச்சு. வேற பிடிச்சு அனுப்புறேன்."

காந்திவிட்டதாம்! என் ஆயுசில் நான் காய்ச்சிய நெய் காந்தியதில்லை. மாப்பிள்ளையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்றுதான் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார் என்பது புரிந்தது. அது இன்னும் எரிந்தது. யாழினியைக் கூப்பிட்டு, "நீ சொல்லு, எது நல்லா இருக்கு?" என்று என் நெய் உருண்டை ஒன்றும் வழக்கமான டின் உருண்டை ஒன்றும் நீட்டினேன். இரண்டையும் கடித்தாள். யோசித்தாள். டின் உருண்டையைக் காட்டி, "இதான் தீபாவளி டேஸ்ட்," என்றாள்.

அவள் விளையாடப் போன பிறகு, அவள் கடித்துவைத்த என் உருண்டையை நானே வாயில் போட்டேன். மெதுவாக மென்றேன். கம்பியில் எடுத்து நுனி நாக்கில் வைத்துப் பார்ப்பேனே, அதே கவனத்தோடு. நெய் நல்ல நெய். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ஏதோ இல்லை. இனிப்புக்கு அடியில் என் நாக்கு எதையோ துழாவிக்கொண்டே இருந்தது. பிறகுதான் பிடிபட்டது. உப்பு. அந்த மஞ்சள் டின்னின் உப்பு. எனக்கே நெய் வாசம் கொஞ்சம் திகட்டியது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பூட்டி வைத்தவர்கள் என்று இத்தனை நாள் பாஸையும் அதிகாரியையும் மலரையும் மனசுக்குள் திட்டினேன். வெளியே போக வைத்திருந்த ஒரே சாவி என் நாக்கு. அதை நானே தினமும் ரொட்டியில் தடவித் தின்று தீர்த்திருக்கிறேன். அழுகை வந்தது. மாமியார் உள்ளே வந்தவர், மாவு சலிக்கும் சல்லடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அண்ணனைக் கூப்பிட்டேன். "உங்க மச்சினனையே உக்கார வெய்யுங்கண்ணா."

"யோசிச்சுத்தான் சொல்றியா?"

"ஆமாங்ண்ணா."

காரணம் சொல்லவில்லை. யாழினிக்காக என்று அவராக நினைத்துக்கொண்டார். அதுவும் பொய் இல்லை. அவளை விட்டுவிட்டு என்னால் அந்தச் சீட்டில் ஒரு நாள் உட்கார்ந்திருக்க முடியாது என்பது எனக்கு முன்னாலேயே தெரியும். ஆனால் தெரிவது வேறு, வாசல் சாத்துகிற சத்தத்தைக் கேட்பது வேறு.

மிச்ச நெய் வாணலியில் கிடந்தது. மாமியார் காலியான ஒரு மஞ்சள் டின்னைக் கழுவி, வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். "இதுல ஊத்தி வைங்க. நீங்க சாப்பிடுங்க, வேஸ்ட் பண்ணாதீங்க." ஊற்றி வைத்தேன். ஊரில் மார்கழிக்கு நெய் உறையும், சித்திரைக்கு உருகும். இங்கே பருவம் என்று ஒன்று இல்லாததால் அடியில் மணல் மணலாகப் பாதி, மேலே தண்ணீராகப் பாதி, அப்படியே நின்றது.

இப்போது அடுப்புப் பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு டின்கள். மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் யாழினி தவறான டின்னைத் திறந்து, கத்தியை விட்டு, "அய்யே!" என்றாள். பிறகு பையிலிருந்து பாடப்புத்தகத்துக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டு ஒன்றை உரித்து, போன மாதம்தான் தமிழ்ப்பள்ளியில் பழகிய கோணல் எழுத்தில் 'அப்பா' என்று எழுதி, அந்த டின்மேல் ஒட்டினாள். நன்றாக ஒட்டிக்கொள்ள இரண்டு முறை தேய்த்தும் விட்டாள்.

இந்த வீட்டில் என் பேரில் இருக்கும் ஒரே பொருள் அதுதான். மூடியை அழுத்தி மூடி, உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். பிறகு அடுத்த டின்னைத் திறந்து அவளுக்கு ரொட்டியில் தடவிக் கொடுத்தேன். எனக்கும் ஒன்று தடவிக்கொண்டேன்.