அக்காவுக்கு நான் சொன்ன வாக்கியம்

என் அக்காவின் இரண்டாவது குழந்தையும் பிறந்த எட்டாம் நாள் செத்துப்போனபோது நான் திண்டிவனத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். ஐம்பதுகளின் கடைசி. அங்கிருந்த வெள்ளைக்கார டாக்டரம்மாவுக்குத் தமிழ் வராது. விழுப்புரத்தில் பள்ளிப்படிப்பை முடித்த எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும் என்பதால், அவர் நோயாளிகளிடம் பேசுவதை நான்தான் தமிழில் சொல்வேன்.

அக்காவை ஒலக்கூர் பக்கம் ஒரு கிராமத்தில் கொடுத்திருந்தோம். நான் போய்ச் சேர்வதற்குள் குழந்தையைப் புதைத்துவிட்டார்கள். பால் குடிக்க வாய் திறக்காமல், உடம்பு வில்லாக வளைந்து செத்ததாம். முதல் குழந்தையும் அப்படித்தான் போனது.

அக்கா புருஷன், என் மாமா, வாசலில் உட்கார்ந்து, துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அவரே ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எழுதினது அவ்ளோதான். போன ஜென்மத்துல இன்னா பண்ணிட்டு வந்தோமோ. அழுதுக்கினு கெடந்தா திரும்பி வந்துடுமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தின வருஷம் மல்லாட்டையில், வேர்க்கடலைச் செடியில், புழு விழுந்தபோது இந்த மனுஷன் ஜென்மத்தைப் பற்றிப் பேசவில்லை. திண்டிவனத்தில் மருந்து கிடைக்கவில்லை என்று விழுப்புரம் வரை பஸ் ஏறிப் போய் வாங்கி வந்து, தன் கையாலேயே அடித்தார். செடிக்கு மருந்து, பிள்ளைக்கு விதி!

"தொப்புள்கொடிய எதால அறுத்தாங்க மாமா?"

"அருவாளாலதான். சாணிச் சாம்பலும் வெச்சாங்க. எப்பவும் பண்றதுதான். டவுன்ல படிச்சிட்டு வந்து கேள்வி கேக்காத."

ஒரு மாதம் கழித்து அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "விதி இல்லை. அந்த அரிவாளும் சாணிச் சாம்பலும்தான் இரண்டு குழந்தைகளையும் கொன்றன. கொதிக்க வைத்த கத்திரியால் அறுத்திருந்தால் தடுத்திருக்க முடியும். இவளிடம் சொல்."

நான் தயங்கினேன்.

"சொல். நீங்கள் எல்லாவற்றையும் கடவுள் தலையில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறீர்கள். எங்கள் ஊரில் ஒரு தாய் காரணம் கேட்பாள்."

மாமா மேல் இருந்த ஆத்திரத்தில், ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன்.

அக்கா தன் கையைப் பார்த்தாள். "சாம்பல தெனம் நாந்தான் வெச்சேன்" என்றாள். "அப்ப ரெண்டையும் நாந்தான் கொன்னனா?"

என்ன சொல்கிறாள் என்று டாக்டரம்மா கேட்டார். சொன்னேன். "புரிந்துகொண்டாளே, நல்லது" என்று அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

நான்கு நாள் அக்கா என் அறையில் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். சோறு இறங்கவில்லை. நான் டாக்டரம்மாவிடம் போய்க் கத்தினேன். "விதி என்று சொல்லியாவது அழுதுகொண்டிருந்தாள். அதையும் பிடுங்கிக்கொண்டீர்களே!" அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நான் உண்மையைச் சொன்னேன்" என்றார். அந்த உண்மை என் வாய் வழியாகத்தான் போனது என்பது என்னை இன்னும் எரித்தது.

ஐந்தாம் நாள் மாமா வந்து, ஒன்றும் விசாரிக்காமல் அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் அக்கா ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள். நிறைமாதம். வலி எடுத்திருந்தது. கையில் ஒரு துணிப்பை. ரோடு வரை நடந்து, தனியாக பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

"மாமா வரலயா?"

"ஊட்லயே பொறக்கட்டும், எழுதினபடி நடக்கும்னாரு. ரெண்டு தபா உங்க பேச்சக் கேட்டாச்சு, போதும்னு அவருகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்."

டாக்டரம்மா உள்ளே வந்ததும் அக்கா என் பக்கம் திரும்பினாள். "அந்தம்மா எங்கிட்ட ஒண்ணும் பேச வேணாம். வேலைய மட்டும் பாக்கச் சொல்லு. கத்திரிய என் கண்ணெதிர்ல கொதிக்க வெக்கச் சொல்லு."

இதையும் ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன். டாக்டரம்மாவின் முகம் சிவந்தது. ஆனாலும் அடுப்பை அங்கேயே கொண்டுவரச் சொல்லி, அவள் பார்க்கப் பார்க்கக் கத்திரியைக் கொதிக்க வைத்தார்.

பெண் குழந்தை. எட்டாம் நாளும் தாண்டியது, ஒரு வருஷமும் தாண்டியது.

ஆஸ்பத்திரிக்கு வந்த வெளிநாட்டு விருந்தாளிகளிடம், தான் அறியாமையிலிருந்து மீட்ட தாய் என்று டாக்டரம்மா அக்காவைப் பற்றிச் சொன்னதை நானே கேட்டேன். மயிலம் முருகன் கோயிலில் குழந்தைக்கு மொட்டை போட்ட அன்று மாமா வந்தவர்களிடமெல்லாம், "முருகன் குடுத்தான், நம்ம கையில இன்னா இருக்குது?" என்றார். வலியோடு ஒருத்தி தனியாக பஸ் ஏறியதை இரண்டு பேரும் வாயால் சொல்லவில்லை.

சந்நிதியில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றாள். வெளியே வந்ததும், என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன்.

"மொத ரெண்டுகிட்டயும் மன்னிப்பு கேட்டேன்" என்றாள்.

இவளா கேட்க வேண்டும்? மாமா பந்திக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அந்தப் பந்தியில் உட்காரவில்லை.