யூனுஸுக்கு ஒட்டவைத்த பெயர்

நன்னிலம் பக்கத்தில் ஒரு காலத்தில் கூத்தாநல்லூர் யூனுஸைப் "போலீஸ் ஆளு" என்றார்கள். ரகசியப் போலீசின் அக்கிரமத்தை எழுதத் துணிந்த பத்திரிகைக்காரருக்குக் கிடைத்த பெயர் அது. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அண்ணன்மார் சிங்கப்பூருக்குக் கப்பலேறியபோது, யூனுஸ் தஞ்சாவூரில் ஒரு வாரப் பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்தார். எழுபதுகளின் தொடக்கம். மேடையில் ஏழைகளின் ஆட்சி என்று ஆளுங்கட்சிக்காரர்கள் முழங்கினார்கள். வயலில் கூலி கேட்டவனுக்கு லத்தியடி.

நன்னிலம் அருகே ஒரு கிராமத்தில் அறுவடைக் கூலியை உயர்த்தக் கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. சங்கக் கூட்டத்துக்கு யூனுஸும் போயிருந்தார். துரைராசு என்ற புது ஆள் எழுந்து, "மிராசுதாரு வைக்கப்போரக் கொளுத்துனாத்தான் வழிக்கு வருவாரு" என்று கத்தினான். சங்கத் தலைவர் அரசப்பன் அவனை அதட்டி உட்காரவைத்தார். மறுநாள் மிராசுதாரின் வைக்கோல்போர் எரிந்தது. துரைராசு மாயமானான். அரசப்பனையும் தோழர்களையும் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது.

அடுத்த குடியரசு தினத்தன்று, தஞ்சாவூர் அணிவகுப்பில் காக்கி உடுப்போடு நின்றான் துரைராசு. செய்தி எடுக்கப் போன யூனுஸ் நேரே அவனிடம் போனார்.

"நன்னிலம் கூட்டத்துல பேசுனது நீங்கதானே?"

"ஆளு மாறிக் கேக்குறீங்க பாய்." சிரித்துவிட்டு நகர்ந்தான்.

பத்திரிகை ஆசிரியர் குஞ்சிதபாதம் பயந்தார். "போலீஸத் திட்டி எழுதுங்க, போடுறேன். ரகசியப் போலீஸ்னா ஆபீஸையே பூட்டிடுவாங்கய்யா."

"அப்ப அரசப்பன் உள்ளயே கெடக்கட்டும்ங்கிறீங்களா?"

கொளுத்தச் சொல்லித் தூண்டியவன் போலீஸ்காரனே என்று கட்டுரை வந்தது. போலீஸ் மறுக்கவில்லை. அதைவிடக் கேவலமான வேலை செய்தது. நன்னிலம் கடைத்தெருவில் ஓர் இன்ஸ்பெக்டர் யூனுஸின் தோளில் கைபோட்டு, ஊருக்கே கேட்கும்படி, "நீங்க குடுத்த தகவல் ரொம்ப உபயோகமா இருந்துச்சு பாய்" என்றார். அது போதுமாக இருந்தது. அரசப்பனின் மனைவி செவ்வந்தியைப் பார்க்கப் போனபோது, "எம் புருஷனப் புடிச்சுக் குடுத்துட்டு ஆறுதல் சொல்ல வந்தீங்களா?" என்று அவள் கதவைச் சாத்தினாள்.

யூனுஸ் கோர்ட்டில் சாட்சி சொன்னார். நீதிபதி நம்பவில்லை. அரசப்பனுக்குச் சிறைத் தண்டனை.

நெருக்கடி நிலை வந்தது. மாநில ஆட்சியும் கலைந்தது. பழைய கணக்கைத் தீர்க்கப் போலீசுக்கு அதுவே தோது. யூனுஸை விசாரணையே இல்லாமல் திருச்சி சிறையில் போட்டார்கள். அங்கே அரசப்பன் இருந்தார்.

"இங்கயும் வேவு பாக்க வந்துட்டீங்களா?" என்று கேட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு நாள் அதிகாரி ஒருவர் கம்பிக்கு வெளியே நின்று பேரம் பேசினார். "துரைராசப் பாத்ததா சொன்னது தப்புன்னு எழுதிக் குடுங்க. சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்."

"பாத்தத எப்படிங்க பாக்கலன்னு எழுதுறது?"

அன்று யூனுஸுக்கு விழுந்த அடியை அரசப்பன் கண்ணால் பார்த்தார். களித்தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "தப்பா நெனச்சுட்டேன் பாய்" என்றார். அழுதது யூனுஸ்தான்.

நெருக்கடி நிலை முடிந்ததும் யூனுஸ் வெளியே வந்தார். மேல்முறையீட்டில் அவருடைய சாட்சியத்தை ஏற்று அரசப்பனையும் தோழர்களையும் விடுதலை செய்தார்கள். இழந்த வருஷங்களுக்கு யார் பதில் சொன்னார்கள்? துரைராசுமேல் ஒரு விசாரணைகூட இல்லை. பதவி உயர்வுதான் வந்தது.

யூனுஸ் சளைக்கவில்லை. உளவுத்துறையின் தில்லுமுல்லுகளைத் தேடிப்பிடித்து வயதான காலம்வரை எழுதினார். துரைராசு இன்ஸ்பெக்டரானபோது எல்லாப் பத்திரிகைகளும் வாழ்த்துப் போட்டன. யூனுஸும் செய்தி போட்டார், வைக்கோல்போர் எரிந்த கதையோடு சேர்த்து.