வலிக்காத கால்

ஆட்டையாம்பட்டியில் எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்கூடம். என் கணவர் ஒல்லியான மனிதர். கல்யாணத்துக்கு எடுத்த சட்டை இன்றும் அவருக்குப் பொருந்தும். குண்டாக இருக்கும் என்னைத்தான் எல்லோரும் சுகர் பார்க்கச் சொல்வார்கள், நானும் போய்ப் பார்த்துக்கொள்வேன். அவரைக் கூப்பிட்டால், "எனக்கு எதுக்கு? உடம்புல என்ன இருக்குது?" என்று சிரித்துவிடுவார்.

போன ஆடியில் ஒரு மதியம் சாப்பிட வந்தார். அவர் நடந்துவந்த வழியெல்லாம் தரையில் சிவப்புத் திட்டுகள்.

"ஏனுங்க, கீழ பாருங்க, ரத்தமுங்க" என்றேன்.

குனிந்து பார்த்தவர், "யாரோட ரத்தம்?" என்று கேட்டார்.

அவரை உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். அவர் குதிகாலில் ஓர் ஆணி முழுதாக இறங்கியிருந்தது. அதோடுதான் தறி ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

சேலத்தில் டாக்டர் முதலில் ரத்தம் எடுத்தார். சர்க்கரை மிக அதிகம்.

"இவ்வளவு ஒல்லியா இருக்காருங்களே" என்றேன்.

"ஒல்லியா இருக்கறவங்களுக்கும் வரும்மா. ரொம்ப வருஷமா இருந்திருக்கணும், கால் மரத்துப்போச்சு. புண்ணு உள்ளுக்குள்ள பரவியிருந்தா காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும்."

கால் தப்பியது. இப்போது மாத்திரையையும் ரத்தப் பரிசோதனையையும் அவர் தவறவிடுவதில்லை. தறிக்கூடத்திலும் செருப்போடுதான் நிற்கிறார். தினமும் சாயங்காலம் நான் அவர் பாதத்தைப் பார்க்கிறேன். கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வோர் இடமாகத் தொட்டு, "தெரியுதுங்களா?" என்று கேட்கிறேன். சில இடங்களில் "ம்" என்கிறார். சில இடங்களில், நான் இன்னும் தொடவே இல்லை என்று நினைத்துக் காத்திருக்கிறார்.