தூக்கிவிட்ட குற்றம்

என் வீட்டுக்காரர் உதயகுமாரைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள். அவரை நேரில் பார்க்காதவர்கள், அவர் ஓட்டும் வேனில் ஒருநாளும் ஏறாதவர்கள், எல்லாரும் போனில் தட்டித் தள்ளிவிட்டார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிற நான் எழுதினால் என்ன குடி முழுகிவிடப் போகிறது?

ஆள் ஆறடிக்கு மேல் உயரம். அதற்கேற்ற அகலம். முதுகுவரை முடி. வெள்ளானூரில் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதலில் அவரைப் பார்த்து மிரளுவார்கள். ஒரே வாரத்தில், சிலிண்டரை மாடிக்குத் தூக்கித் தரச் சொல்லி வாசலில் வந்து நிற்பார்கள். ஆவடியில் ஒரு பள்ளிக்குக் குழந்தைகளை ஏற்றிப்போகிறார். அந்த மஞ்சள் வண்டி ஓடினால்தான் எங்கள் அடுப்பு எரியும். குடி கிடையாது, சிகரெட் கிடையாது. பன்னீர் சோடா என்றால் மட்டும் உயிரை விடுவார்.

அவருக்கு இருப்பது ஒரே பைத்தியம். மெட்டல் கச்சேரி. கிடாரை அலறவிட்டுத் தொண்டை கிழியக் கத்துகிற இங்கிலீஷ் பாட்டு.

கல்யாணத்துக்கு முன்னால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தாராம். நாள் முழுக்கத் தகரத்தை அடிக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்றவர். கூட வேலை செய்த ஜஸ்டின் ஒருநாள் தன் ஹெட்போனை இவர் காதில் மாட்டிவிட, அன்றோடு மாட்டிக்கொண்டார். "அந்த சத்தத்துக்குள்ள பூந்துட்டா மனசு கம்முனு ஆய்டும்" என்பார். எனக்கு அது மிக்ஸியில் கல் விழுந்த மாதிரிதான் கேட்டது. வேனில் ஒருநாளும் போடமாட்டார். அங்கே குழந்தைகள் கேட்கிற பாட்டுதான். கச்சேரி இருந்தால் மட்டும் ஞாயிற்றுக்கிழமை மண்டை ஓடு போட்ட கறுப்பு டீ ஷர்ட்டை அயர்ன் பண்ணி மாட்டிக்கொண்டு, ஜஸ்டினோடு ரயிலோ பஸ்ஸோ பிடித்துப் போய்விடுவார். இரவு தொண்டை கட்டிப்போய், மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு வருவார்.

போன மார்ச்சில் பூந்தமல்லி தாண்டி நெடுஞ்சாலை ஓரத்து மைதானத்தில் ஒரு கச்சேரி. ஜஸ்டினுக்குக் காய்ச்சல். டிக்கெட் வீணாகிறதே என்று நான் கிளம்பினேன். என் பையில் எலுமிச்சை சாதம், தண்ணீர் பாட்டில், வெயிலுக்கு ஒரு குடை. மூன்றையும் வாசலில் பிடுங்கிக்கொண்டார்கள். குடையைக்கூட விட்டுவிடலாம். காலையில் எழுந்து தாளித்த சாதத்தை என் கண்ணெதிரே குப்பைத் தொட்டியில் கொட்டினான் ஒருத்தன். உள்ளே போனால் தண்ணீரைச் சினிமா தியேட்டர் விலைக்கு விற்கிறார்கள். பெண்களுக்குக் கழிப்பறை என்று ஒரே ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதற்கும் தாழ்ப்பாள் இல்லை. மேடைக்கு நேர் எதிரே நல்ல இடத்தில் சோபா போட்டு, விளம்பரம் கொடுத்த கம்பெனிக்காரர்களை உட்காரவைத்திருந்தார்கள். அவர்கள் மேடையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காவலுக்குக் கூலிக்கு வைத்த தடியன்கள் அத்தனை பேரும் அந்த சோபாவைச் சுற்றித்தான் நின்றார்கள். காசு கொடுத்து உயிரைக் கொடுத்துக் கேட்கிற பிள்ளைகள் பக்கவாட்டில், புழுதியில்.

"இதுக்காய்யா ஒவ்வொரு தபாவும் ஓடியார?" என்று கேட்டேன்.

"இன்னும் ஆரம்பிக்கவேயில்ல. இரு" என்றார்.

ஆரம்பித்தது. கிடார் ஒலி காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது. கூட்டத்தின் நடுவில் பையன்கள் தாமாகவே விலகி வட்டமாக இடம்விட்டு, அந்த வட்டத்துக்குள் குதித்துத் தோளோடு தோள் மோத ஆரம்பித்தார்கள். சண்டை வந்துவிட்டது என்று நான் இவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் சிரித்தார். அந்த வட்டத்துக்கு ‘பிட்’ என்று பெயராம், மோதி ஆடுகிற குழி. அதற்குச் சட்டம் இருக்கிறதாம். முழங்கையை ஓங்கக் கூடாது. வேண்டாதவர்களை இழுக்கக் கூடாது. யார் விழுந்தாலும் அந்த நொடியே எல்லாரும் நின்று தூக்கிவிட வேண்டும். பெரிய உடம்புக்காரர் விழுந்தவருக்குமேல் கையை விரித்து நின்று கூட்டத்தைத் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் மிதித்துவிடுவார்கள். உடம்பு பெரிதென்பதால் எப்போதும் அந்த வேலை இவருக்குத்தான்.

நான் ஓரத்தில் நின்று பார்த்தேன். இரண்டாவது பாட்டில் ஒருத்தன் கண்ணாடியைத் தொலைத்தான். அத்தனை பேரும் குதிப்பதை நிறுத்திக் குனிந்து தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுபடியும் குதித்தார்கள். நம் ரயில் நிலையத்தில் இந்த மரியாதையை நான் பார்த்ததில்லை. நானே தலையை ஆட்டிக்கொண்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

இன்னும் வெளிச்சம் இருந்தது. பின்னாலிருந்து ஒரு கும்பல் நெருக்க, ஒரு பெண் கால் இடறிக் குப்புற விழுந்தாள். இவர் பாய்ந்தார். அவளுக்கு இரண்டு பக்கமும் காலை ஊன்றிக் கையை விரித்து நின்றார். பார்க்காமல் மேலே வந்து விழப்போன ஒரு பையனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். குனிந்து அவள் கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துத் தூக்கினார். என்னிடம் கொண்டுவந்து விட்டார்.

அவள் பெயர் நிஷா. நர்சிங் படிக்கிறாள். குமணன்சாவடி சிக்னல் பக்கத்தில் அப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாராம். மணிக்கட்டு வீங்கியிருந்தது. என் துப்பட்டாவால் கட்டிவிட்டேன். "அண்ணா இல்லன்னா என்னை மிதிச்சிருப்பாங்க அக்கா" என்று அழுதாள். இவர் அங்கே காசு கொடுத்து வாங்கியிருந்த தன் பன்னீர் சோடாவை அவளிடம் கொடுத்துவிட்டு மறுபடியும் உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

எவனோ ஒருத்தன் எடுத்த வீடியோவில் நடந்தது வேறு. சில விநாடிதான். ஒரு பெண் கீழே கிடக்கிறாள். மண்டை ஓடு சட்டையும் விரித்த முடியுமாக ஒரு தடித்த ஆள் அவள்மேல் நிற்கிறான். தடுக்க வந்தவன் போலிருக்கும் ஒரு பையனைப் பிடித்துத் தள்ளுகிறான். அவள் கையைப் பிடித்து இழுக்கிறான். முடிந்தது. அவள் எழுந்து நின்றது இல்லை, நான் கட்டுப்போட்டது இல்லை. மேலே கொட்டை எழுத்தில், "கச்சேரியில் பெண்ணிடம் அத்துமீறிய போதை ஆசாமி." பன்னீர் சோடாவில் என்ன போதை இருக்கிறதோ எனக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை அது வேன் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. போட்டவர் ஹேமமாலினி. எங்கள் பக்கம் புதிதாக வந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார். அவர் மகள் தன்விகா யூ.கே.ஜி. என் வீட்டுக்காரர் வண்டியில்தான் போகிறாள். "இது நம்ம வேன் டிரைவர்தானே?" என்று கேட்டிருந்தார். ஒரு போன் போட்டு இவரிடம் கேட்டிருக்கலாம். தினமும் காலையில் முகத்துக்கு நேராகப் பார்க்கிற மனுஷன். கேட்கவில்லை. புதன்கிழமை பாதி வண்டி காலி.

எங்கள் தெருவில் சிலிண்டர் தூக்கச் சொன்ன அதே வாய்கள் இப்போது என்னைப் பார்த்து உச்சுக்கொட்டின. "நீ எப்படிம்மா அந்த ஆளோட இருக்கே?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த குடத்தை அவள்மேல் கவிழ்த்திருப்பேன். தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்று பிடித்த தண்ணீர் என்பதால் விட்டேன்.

இவர் பாதி வண்டியை ஓட்டிக்கொண்டு போய்வந்தார். நான் சும்மா இருப்பேனா? சொல்லாமல் கொள்ளாமல் குமணன்சாவடிக்குப் பஸ் ஏறினேன். ஜெராக்ஸ் கடையில் அப்பாவுக்குப் பக்கத்தில் நிஷா நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது. ரேஷன் கார்டை நீட்டி ஒரு காப்பி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். சில்லறை கொடுக்கிற சாக்கில் பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, அந்த வீடியோ கீழ நானே எழுதினேன். வேற பேர்ல. விழுந்தது நான்தான், அந்த அண்ணா காப்பாத்துனாருன்னு போட்டேன். நீ அவனோட ஆளுதானேன்னு கேவலமா திட்றாங்க. மூஞ்சி காட்டினாத்தான் நம்புவாங்க. காட்டினா அன்னிக்கே எங்கப்பா படிப்ப நிறுத்திடுவாரு. ஃப்ரெண்டு ஊட்ல படிக்கப் போறேன்னு சொல்ட்டுதான் வந்தேன்." அவள் கை இன்னும் வீங்கித்தான் இருந்தது. வீட்டில் படியில் விழுந்ததாகச் சொல்லியிருக்கிறாள். எனக்கு அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் உள்ளே தாள் அடுக்கிக்கொண்டிருந்த அவள் அப்பாவை ஒருமுறை பார்த்ததும், கத்த மனம் வரவில்லை.

வீட்டில் வந்து சொன்னேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் இவர் என்னிடம் குரலை உயர்த்தியது அன்றுதான்.

"அந்தப் பொண்ண இஸ்துகினு வந்து நடுத்தெருவுல நிக்க வெக்கணும்னு பாக்கறியா? மறுபடியும் தள்ளிவுடுறதுக்கா தூக்குனேன்?"

"அப்ப நம்ம பொழப்பு? நீ இன்னாயா பண்ணுவ?"

"பாத்துக்கலாம். அந்தப் பேர இனிமே இந்த ஊட்ல எடுக்காத."

அதனால்தான் நிஷா என்பதும் அவள் உண்மைப் பெயர் இல்லை. ஜெராக்ஸ் கடையும் ஜெராக்ஸ் கடை இல்லை. போய்த் தேடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பின் பூங்காவில் பெற்றோர் கூட்டம். சறுக்குமரத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். இவரை மட்டும் நிற்கவைத்தார்கள். நடந்ததை இவர் இரண்டே வரியில் சொன்னார். "அந்தப் பொண்ணு யாரு? கூட்டிட்டு வாங்க, நம்பறோம்" என்றார் ஹேமமாலினி. "தெரியாது மேடம்" என்றார் இவர். நான் முன்னால் போனேன். நான் பக்கத்தில்தான் இருந்தேன், என் துப்பட்டாவால்தான் கட்டினேன் என்றேன். "நீங்க அவர் வொய்ஃப். அப்படித்தான் சொல்லுவீங்க" என்றார். பொண்டாட்டியின் கண்ணுக்கு இவ்வளவுதான் மதிப்பு. எவனென்றே தெரியாதவனின் போன் கண்ணுக்கு அத்தனை மதிப்பு.

தையல் வேலை செய்யும் ஷரீஃபுன்னிசா அக்கா மட்டும்தான் எழுந்து பேசினார். அவர் மகள் ஒருநாளும் வண்டியை விடவில்லை. "என் பொண்ணுக்கு வலிப்பு வந்தப்ப இவருதான் கையில தூக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடினாரு. அத யாரும் வீடியோ புடிக்கல. அதான் உங்களுக்குத் தெரியல" என்றார். வேறு வேன் கிடைக்காத கவலை எல்லாருக்கும் இருந்தது, பள்ளி ஆண்டும் தேர்வும் முடியவில்லை. அதனால் மன்னித்தார்கள். செய்யாத தப்புக்கு மன்னிப்பு, அதற்கு நிபந்தனை வேறு. முடியை வெட்ட வேண்டும். இனிமேல் கச்சேரிக்குப் போகக் கூடாது. வண்டியில் ஒரு பெண் துணைக்கு இருக்க வேண்டும். கடைசியாக, குழந்தைகளை எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது.

"சரிங்க மேடம்" என்றார் இவர்.

சலூனில் முடி தரையில் விழுந்ததை நான் பார்க்கப் போகவில்லை. மண்டை ஓடு டீ ஷர்ட்டுகளை அவரே மடித்துப் பரணில் போட்டார். அடுத்த மாதம் ஜஸ்டின் தனியாகக் கச்சேரிக்குப் போனான். இவர் அன்று சாயங்காலம் முழுக்க வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

சம்பளமில்லாத பெண் துணை நான்தான். குழந்தைகளை ஏற்றுவது, இறக்குவது, பையை வாங்குவது எல்லாம் என் வேலை. இவர் கதவைத் திறந்துவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பார். பிள்ளைகளுக்கு இது புரியவில்லை. வழக்கம்போல இவர் கையைத் தட்ட உள்ளங்கையை நீட்டுவார்கள். இவர் தலையை மட்டும் ஆட்டுவார்.

போன வாரம், மதியம். குடியிருப்பு வாசலில் வண்டி நின்றது. பின் இருக்கையில் ஒரு பையன் வாந்தி எடுத்துவிட்டான், நான் அவனைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தன்விகா எனக்காகக் காத்திருக்காமல் தானே படியில் காலை வைத்தாள். புத்தகப் பை இழுக்க, நேராகத் தரையில் போய் விழுந்தாள். முட்டி கிழிந்து ரத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இவர் காலடியில்தான் கிடந்தாள். "அங்கிள்" என்று இரண்டு கையையும் மேலே தூக்கி அழுதாள். இவர் ஒரு அடி முன்னால் வைத்தார். நின்றார். பின்னால் கட்டியிருந்த கையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"சுவேதா, சீக்கிரம் வா. பாப்பா உழுந்துட்சி" என்று கூப்பிட்டார்.

வாந்தியையும் பைகளையும் தாண்டி நான் வருவதற்குள், கேட்டுக்குள்ளிருந்து ஹேமமாலினி ஓடிவந்தார். குழந்தையை அள்ளிக்கொண்டு இவரைப் பார்த்துக் கத்தினார். "பக்கத்துலயே நிக்கறீங்க. குழந்தை கதறுது. தூக்க மாட்டீங்களா? நீங்கெல்லாம் மனுஷனா?"

"தொடக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க மேடம்" என்றார் இவர். அதில் குத்தல் இல்லை. பள்ளிப் பையன் டீச்சரிடம் சொல்வதுபோல்தான் சொன்னார். அந்த அம்மா குழந்தையோடு உள்ளே போய்விட்டார். சேர்த்துவைத்த அத்தனையையும் வாசலில் நின்று கேட்டுவிட வேண்டும் என்று நான் கீழே இறங்கினேன்.

"ஏறு. மத்த பசங்கள இறக்கணும்" என்றார்.

கடைசிக் குழந்தையும் இறங்கிய பிறகு வண்டி வெள்ளானூர் சாலையில் திரும்பியது. எங்கள் தெருவுக்குள் திரும்பாமல் நேராக ஓட்டிக்கொண்டே போனார். ஓரமாக நிறுத்தச் சொன்னேன். நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அது என்னைப் பாத்துதான் கைய நீட்டுச்சி, சுவேதா" என்றார்.